நீளப் பழம், உருண்டைப் பழம்

நியூ லின்னில் ஒரு கடையில் போன கிழமை பெருக்கம்பழப் பொடி கண்டேன். அழகான பை, அதைவிட அழகான விலை. எத்தனையோ மரத்துப் பழங்களைக் கலந்து அரைத்த ஒரே புளிப்பு. நாக்கில் வைத்ததும் செல்வம் நினைவில் வந்து நின்றார்.

எண்பதுகளில் நான் ஓக்லாந்து விமான நிலையத்தில் தாவரச் சோதனை மேசையில் இருந்தேன். பயணிகளின் கறிவேப்பிலையையும் முருங்கைக்காயையும் பறித்து எரிப்பதற்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்தது. ஊர்ச்சனம் கலியாண வீட்டில் என்னைக் கண்டால் வேறு மேசை பார்க்கும். விதிகள் எனக்கு மனப்பாடம். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிப்பேன்.

ஒருநாள் காலை கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் பையில் ஒரு பெருக்கம்பழம். பீப்பாய் போல அடி பருத்த ஆப்பிரிக்க மரம் அது. அரபு வணிகர் ஒட்டகத்தோடு மன்னாருக்குக் கொண்டுவந்தது என்பார்கள்; இலை கறிக்கு, பட்டை கயிற்றுக்கு, பழம் கரைத்துக் குடிக்க. பையோடு வந்த பயணியோ மன்னாரைக் கண்ணால் கண்டதில்லை. பழம் பல கை மாறியிருந்தது. செல்வத்துக்கு அவர் மனைவி மேரி கொடுத்துவிட்டதாம். எப்போது என்று கேட்டால் தெரியாது.

செல்வத்தை எனக்குத் தெரியும். த்ரீ கிங்ஸில் ஒரு கடையில் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தார். மன்னாரில் பிரச்சினை என்று ரேடியோ சொன்ன நாளிலிருந்து மேரியின் கடிதம் நின்றுபோயிற்று. மனிதர் சட்டைக்குள் பாதியாகியிருந்தார்.

அன்று பயணியை எதிர்பார்த்து வெளியே நின்றார். பழம் வெளியே போகக்கூடாது, செல்வம் உள்ளே வரக்கூடாது. விதி. நான் வெளியே போய், பழத்தை எரிக்கப்போகிறேன் என்று சொன்னேன். அவர் கெஞ்சவில்லை.

"எரியுங்கோ அண்ணை. நீளமோ, உருண்டையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"உருண்டை."

"கொட்டை?"

மரத்துக்கு மரம் பழம் வேறாம். அவர் வீட்டு வளவில் நிற்பது நீளக் காய். சதை நிறைய, கொட்டை சின்னன். கோயில் வளவு மரத்தில் உருண்டைக் காய். உள்ளே முழுக்கப் பெரிய கொட்டைதான். மேரி பிரச்சினையில் வீட்டை விட்டு வெளிக்கிட்டால் கோயிலுக்குத்தான் போவாள். நீளமென்றால் பிரச்சினைக்கு முதலே கொடுத்துவிட்டது, அதனால் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனால் வீட்டு மரமும் இருந்திருந்து உருண்டையாய்க் காய்க்குமாம். அதுதான் கொட்டையைக் கேட்டார்.

உடைத்துப் பார்த்துப் பூச்சி தேடுவது எப்படியும் என் வேலை. உள்ளே போனேன். சுத்தியலால் ஒன்று போட்டேன். வெள்ளைச் சதை மாவாய்க் கொஞ்சம் உதிர்ந்தது. மற்றதெல்லாம் கொட்டை, பெரிது பெரிதாக. திரும்பி ஓடினேன் என்று சொல்லமாட்டேன், அரசாங்க ஊழியர் ஓடுவதில்லை. ஆனால் மூச்சு வாங்கியது.

"முழுக்கக் கொட்டை, செல்வம். பெரிசு."

அவர் பயணிகளின் தள்ளுவண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப கோயிலடியில இருக்கிறா," என்றார். பிறகு, "அந்தப் பழத்தை வழியில ஒருத்தரும் தின்னமாட்டினம். அதுதான் அனுப்பியிருக்கிறா."

மேரி வந்துசேர இரண்டு வருடம் பிடித்தது. வீடும் இல்லை, வளவு மரமும் இல்லை என்பதை அவள் வாயால்தான் அறிந்தோம். செல்வம் கண்மூடி ஏழு வருடமாகிறது. நீளப் பழத்தை நான் கண்டதேயில்லை. கேட்கும்போதெல்லாம் அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். ஒவ்வொரு வருடமும் அது கொஞ்சம் நீண்டது. மேரி பக்கத்திலிருந்தும் திருத்தமாட்டாள்.