பதினைந்து வந்ததும் இளைத்த பன்னிரண்டு

அடுத்தவர் பணத்துக்கு யோசனை சொல்லும் தொழிலில், லாபம் வந்தால் அது அவருடைய ராசி. நஷ்டம் வந்தால் ஏஜெண்டின் முழி சரியில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலை தேரடித் தெருவில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி போட்டுக்கொண்டு பங்கு, கம்பெனி டெபாசிட், டிபெஞ்சர் என்கிற கடன் பத்திரம் எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தேன். என்னோடு பட்டு அனுபவித்த ஏஜெண்டுகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம்.

தாராள மனசு

அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் போடும் கோவிந்தசாமி ஒருநாள் வந்தார். பேங்கில் பத்து சதவீதம், பழைய பெரிய கம்பெனியில் பன்னிரண்டு, பேர் தெரியாத ஒரு புதுக் கம்பெனியில் பதினைந்து என்று பட்டியலைக் காட்டினேன். அவர் விரல் நேராகப் பதினைந்தில் போய் நின்றது. "ஜாஸ்தி குடுக்கறவன்தானே சார் நல்லவன்? மனசு பெருசு அவனுக்கு."

"உங்க ஊர்ல நாணயமான ஆளுக்கு என்ன வட்டிக்குக் குடுப்பீங்க?" என்று கேட்டேன். மாசத்துக்கு ஒண்ணரை வட்டி என்றார். "திருப்பித் தருவானோ மாட்டானோனு இருக்கற ஆளுக்கு?" மூணு கேட்பாராம். கம்பெனிக்கும் அதே கதைதான் என்றேன். தாடையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "அப்போ அந்த ஜாஸ்தி அவன் மனசுக்கு இல்ல சார், நான் பயப்படறதுக்கு அவன் குடுக்கற கூலி."

தூக்கமும் முழிப்பும்

அதே கோவிந்தசாமி பிறகு ஒரு சர்க்கரைக் கம்பெனியில் கொஞ்சம் பங்கு வாங்கினார். ஆலை நன்றாக ஓடியது, டிவிடெண்டும் குறையவில்லை. ஆனால் பேங்க் வட்டியை ஏற்றியதும் பங்கு விலை சரிந்தது. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் பதிலை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வந்து உட்கார்ந்தவர் அவரே சொல்லிவிட்டார்: "பேங்க்ல தூங்கிகினே பதினொண்ணு கிடைக்கும்போது, ராத்திரியெல்லாம் நம்மள முழிச்சிகினு கிடக்க வைக்கற சரக்கை விலை கம்மி பண்ணாம எவன் சார் வாங்குவான்?"

யார் எடுத்தது?

எல்லோரும் கோவிந்தசாமி ஆகிவிட மாட்டார்கள். சரோஜா டீச்சர் பெண்கள் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துணை யாரும் இல்லை. வேங்கிக்காலில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். வீடு கட்ட வைத்திருந்த மொத்தப் பணத்தையும் என் பேச்சைக் கேட்டு ஒரு நல்ல கம்பெனியின் பன்னிரண்டு சதவீத டிபெஞ்சரில் போட்டிருந்தார். அடுத்த வருஷமே புது டிபெஞ்சர்கள் பதினைந்து சதவீதத்தில் வந்தன. டீச்சருடைய நூறு ரூபாய்ப் பத்திரம் சந்தையில் எண்பத்தெட்டுக்கு இறங்கியது.

விலை வந்திருந்த பேப்பரை மேஜைமேல் விரித்தார். பக்கத்திலேயே பதினைந்து கிடைக்கும்போது பன்னிரண்டை முழு விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள், கெடு வரை வைத்திருந்தால் கம்பெனி நூறையும் தந்துவிடும் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு டீச்சர் கேட்டார்: "அதெல்லாம் சரிங்க சார், நூறுல குறைஞ்ச என் பன்னெண்டு ரூபாயை யார் எடுத்தாங்க?"

நாலு மூலை மஞ்சள்

அந்தச் சமயம் பார்த்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பைனான்ஸ் திறந்தது. இருபத்துநாலு சதவீதம்! டிபெஞ்சரை எண்பத்தெட்டுக்கே விற்று அதில் போட்டுவிடுவதென்று டீச்சர் முடிவு கட்டிவிட்டார். வேண்டாம் என்று மூன்று மணி நேரம் மன்றாடினேன். கேட்கவில்லை. கடைசியில் அலுத்துப்போய் விற்பனைப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, மெட்ராஸ் தரகர் விலாசம் எழுதிய ஒட்டாத உறையோடு அவரிடமே கொடுத்துவிட்டேன். விற்றால் எனக்கும் கமிஷன் உண்டு என்பதை மறைப்பானேன்!

டீச்சர் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, நாலு மூலைக்கும் மஞ்சளைக் குழைத்துத் தடவி, ஈரம் காயும் முன் மடித்துத் தபாலில் சேர்த்திருக்கிறார். கையெழுத்து இருந்ததும் ஒரு மூலையில்தான். மூன்று வாரம் கழித்து மெட்ராஸ் தரகர் அதைத் திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "சாமிக்குத் தெரிந்தால் போதாது, கையெழுத்து கம்பெனிக்கும் தெரிய வேண்டும்."

பூட்டிய கதவு

புதுப் படிவம் எழுதலாம் என்று டீச்சரை வரச் சொல்லியிருந்த அன்றைக்குக் காலையில் பைனான்ஸ் பூட்டிக் கிடந்தது. முதலாளி போன இடம் தெரியவில்லை. வாசலில் ஊரே கூடி அழுதது, நானும் அங்கே ஓடிப்போய் நின்றேன். டீச்சர் கூட்டத்தைத் தாண்டி என்னிடம் வந்தார். அவர் பணம் தப்பியது என்று நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் லேசானது. சத்தியமாகச் சொல்கிறேன், என் ஆயுளில் அப்படியொரு நிம்மதியை நான் கண்டதில்லை.

"எனக்காகவா சார் ஓடி வந்தீங்க?" என்று கண் கலங்கக் கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். என் கையில் பைனான்ஸ் ரசீது இருந்ததே! பக்கத்துக் கடைக்காரருக்கு முதல் மாத வட்டி ஒழுங்காக வந்ததைப் பார்த்துச் சபலப்பட்டு, யாருக்கும் சொல்லாமல் நானும் இரண்டாயிரம் போட்டிருந்தேன். டீச்சர் ரசீதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்கு மூணு மணி நேரம் சொன்னீங்களே சார், வீட்டுக்குப் போய் உங்களுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் சொல்லிக்கக் கூடாதா?"

கெடுவில் நூற்றுக்கு நூறு வந்து வேங்கிக்காலில் டீச்சர் வீடு எழும்பியது. காப்பாற்றியது நான் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும் என்றாலும், கிரகப்பிரவேசப் பந்தியில் முதல் இலை எனக்குத்தான் போட்டார்கள், நானும் கூச்சப்படாமல் உட்கார்ந்து சாப்பிட்டேன்.