மதினி போட்ட டைம்டேபிள்

அறுபதுகளின் தொடக்கத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் எனக்குக் கணக்கும் இங்கிலீஷும் போய்விட்டன. செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டும். நடுவில் குற்றால சீசன். சாரல் விழுந்துவிட்டால் தென்காசியில் எங்கள் வீடு சத்திரம்தான். எங்கெங்கோ இருந்து சொந்தக்காரர்கள் அருவியில் குளிக்க வந்து, எங்கள் வீட்டில் ஈரத்துணியைக் காயப்போடுவார்கள். அந்தக் கூட்டத்தில் எப்போது படிப்பது, எங்கே உட்காருவது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மதினிதான் வழி சொன்னாள். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு ஆய்க்குடியிலிருந்து வந்தவள், அதிகம் பேசாதவள். ஒருநாள் பழைய காலண்டர் தாளைத் திருப்பிக் கோடு போட்டு, டைம்டேபிள் எழுதி, சோற்றுப்பருக்கை வைத்து அடுக்களைக் கதவில் ஒட்டினாள். பால் காயும்போது இங்கிலீஷ். மாவாட்டும்போது அல்ஜீப்ரா. மத்தியானம் அரிசி புடைக்கும்போது ஜியாமெட்ரி.

"எல்லாமே அடுக்களையிலயா மதினி?" என்றேன்.

"இங்கனதான் விருந்தாளி வரமாட்டாவ. சத்தம் போட்டுப் படிக்கணும், என்னட்டீ? வாய்க்குள்ள முணங்கினா மண்டையில ஏறாது."

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ எதுக்கு உன்னைப் படிக்க வைக்குதா? காரியம் இல்லாம அவ ஒண்ணும் செய்ய மாட்டா. நீ பாஸாயி டீச்சர் டிரெயினிங் அது இதுன்னு வெளியூர் போயிட்டா, வீடு அவ கைக்கு வந்துரும்லா" என்றாள்.

அதன் பிறகு எனக்கும் மதினியின் ஒவ்வொரு அசைவும் உறுத்தத் தொடங்கியது. கணக்கை நான் தப்பாகச் சொன்னால் ஆட்டுரலில் அவள் கை நின்றுவிடும். திருத்திச் சொன்னதும் மறுபடி சுற்றும். நான் தொடாத நாளிலும் என் பென்சில் குட்டையாகியிருக்கும். புரிந்துவிட்டது என்று நான் சொன்னாலும், "எனக்கு ஒருக்கா விளக்கிச் சொல்லு" என்று விடமாட்டாள். நான் படிக்கிறேனா என்று வேவு பார்த்து அண்ணனிடம் சொல்கிறாள் என்றே முடிவு செய்தேன்.

ஆடி மாதம், விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு எல்லோரும் குற்றாலம் கிளம்பினோம். மதினி மட்டும் தலைவலி என்று நின்றுகொண்டாள். பஸ்ஸில் அம்மா என் காதோரம் வந்தாள். "தலைவலியாம் தலைவலி! அவ அம்மை வீட்டுல இருந்து ஆளு வருதுட்டீ. அரிசியோ எண்ணெயோ போகும், பாத்துக்கோ."

அன்றைக்கென்று மெயின் அருவியில் தண்ணீர் செம்மண்ணாகக் கொட்டியது. கிட்டே யாரையும் விடவில்லை. ஐந்தருவிக்குப் போகலாம் என்றார்கள் விருந்தாளிகள். அம்மா அவர்களை அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். வீட்டுக்குப் போனதும் வாசல் பக்கம் போகாமல் புறவாசல் வழியாக நுழைந்தாள். செருப்பில்லாத காலையும் மெதுவாக எடுத்து வைத்தாள். உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. "கேட்டியா?" என்று கண்ணாலேயே என்னிடம் சொன்னாள்.

அடுக்களையில் மதினி ஒருத்திதான் இருந்தாள். தரையில் என் காம்பஸ், என் புத்தகம். சாக்கட்டியால் பெரிய வட்டம் போட்டு, கோணங்களுக்குப் பேர் வைத்து, எதிரில் யாரோ இருப்பதுபோல நிரூபணம் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முந்தானையால் பாதி வட்டத்தை அழித்தாள்.

அம்மா குனிந்து தரையைப் பார்த்தாள். பிறகு, "சோறு வடிச்சாச்சா?" என்று கேட்டாள்.

"வடிச்சாச்சு அத்தை."

அம்மா அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே போனாள்.

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப இந்த டைம்டேபிள் எனக்கு இல்ல, உங்களுக்குத்தான் போட்டிய?"

"ரெண்டு பேருக்கும்தான் போட்டேன். உனக்கு அதுல என்ன நட்டம்?" என்றவள் குரல் இறங்கியது. "கலியாணத்துக்காவ பாதியில நிறுத்திட்டாவ. நான் படிக்கணும்னு கேட்டா இந்த வீட்டுல சிரிப்பாவ. நீ படிச்சா யாரும் சிரிக்க மாட்டாவல்லா?"

அழிந்துபோன அரைவட்டத்தை நானே போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நிரூபணத்தை அவள் எனக்கு விளக்கினாள். செப்டம்பரில் நான் பாஸானதற்கு அதுதான் காரணம்.

அடுத்த வருஷம் மதினி பள்ளிக்கூடம் போகாமலே பிரைவேட்டாகப் பரீட்சைக்குப் பணம் கட்டினாள். அண்ணன் முதலில் முகம் கொடுக்கவில்லை. நான் சொல்லிச் சொல்லித்தான் இறங்கி வந்தான். அந்தச் சீசனுக்கு வந்த விருந்தாளிகளுக்கு நான் சமைத்தேன். மதினி ஆட்டுரல் பக்கமே வரவில்லை.

அம்மா கடைசிவரை நம்பவில்லை. "படிச்சிட்டு எங்க போகப் போறாளோ" என்று முணங்கிக்கொண்டே, பரீட்சை நாள் ஒவ்வொன்றிலும் துணைக்கு என்று கூடவே போனாள். மதினி உள்ளே போனபின் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மணி அடிக்கும்வரை வாசலை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். வேறு வழியாக வெளியே போகமுடியுமா என்று பியூனிடம்கூட விசாரித்திருக்கிறாள். ரிசல்ட் வந்து, அண்ணன் பேப்பரில் மதினியின் நம்பரைக் காட்டியபோது, "இது அவ நம்பர்தானா? நல்லாப் பாருலே" என்றாள்.