தண்ணீர் ஓரத்தில் தயம்மும்

காலையில் என் முதல் வேலை காய்ந்த திராட்சையைக் கழுவித் துணியில் பரப்புவது. சாப்பிடுவதற்கு அல்ல. ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். மோந்து பார்க்க வேண்டும். காதோரம் வைத்து உருட்டிக் கேட்க வேண்டும். பிறகு வாயில் போட்டுக் கடிக்காமல் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க வேண்டும். சமையற்கட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். ஒரு கூடம் நிறையப் பெரிய மனிதர்கள், டாக்டர், வக்கீல் எல்லாம் உண்டு, ஒரு திராட்சையோடு உட்கார்ந்திருப்பார்கள். சிலர் அழுவார்கள். முதல் தடவை பார்த்தபோது திராட்சை கெட்டுப் போயிற்றோ என்று பயந்து நான் ஒன்றைத் தின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

இது போர்த்துகல் நாட்டில் ஒரு மலையடிவாரம். எங்கள் ஊர்ப்பக்கம் கச்சிராயபாளையத்தில் நின்று பார்த்தால் கல்வராயன் மலை எப்படித் தெரியுமோ அப்படித்தான் இங்கேயும் தெரியும். பனி விலகும்போது ஒரு நிமிடம் ஏமாந்து போவேன். பழைய கல்வீடு, பக்கத்தில் ஓடை. மனசு சரியில்லாதவர்கள் வந்து தங்கி, தங்கள் மனசைத் தாங்களே சரி செய்துகொள்ளும் இடம். செல்ஃப் ஹீலிங் என்கிறார்கள். நடத்துபவர் மார்த்தா என்ற அம்மா. என் முதலாளி அவர்தான். நான் எட்டாவது வரை படித்தவன். கள்ளக்குறிச்சியில் அத்தாவின், அதாவது என் அப்பாவின், புளிக்கடையில் இருந்தேன். பிறகு துபாயில் சமையல். பிறகு ஏஜென்ட் பிடித்து இங்கே வந்து பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பழம் பறித்தேன். முதுகு போனபின் இந்தச் சமையற்கட்டு கிடைத்தது. எழுதிப் பழக்கம் இல்லை. ஊரில் இருப்பவர்களும் என்னைப்போல வெளியில் கிடப்பவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

இவர்கள் செய்வதைப் பார்த்து முதலில் சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை. இவர்கள் மூச்சை எண்ணுகிறார்கள், நாம் தஸ்பீஹ் மணி உருட்டுகிறோம். இவர்கள் ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருக்கிறார்கள், ரமலான் கடைசியில் நம் ஆட்கள் பள்ளிவாசல் மூலையில் திரை கட்டி இஃதிகாஃப் இருக்கிறார்கள். இவர்களும் பட்டினி கிடக்கிறார்கள். உள்ளே இருக்கும் அழுக்கு போகவேண்டும் என்றுதான் இரண்டு பேரும் படாத பாடு படுகிறோம். வரும்போது இருந்த முகம் போகும்போது இல்லை, அதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று. நாம் எல்லாவற்றையும் கொண்டுபோய் அல்லாவிடம் வைக்கிறோம். இவர்கள் தங்களிடமே வைத்து, தாங்களே தீர்ப்பு சொல்லி, தாங்களே விடுதலையும் கொடுத்துக்கொள்கிறார்கள். மார்த்தா ஒவ்வொரு முகாமிலும் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு. "உன்னை நீயே மன்னித்துக்கொள்." அந்த வார்த்தை சமையற்கட்டுக்குக் கேட்கும்போதெல்லாம் நான் குழாயைத் திறந்துவிடுவேன்.

காரணம் இருக்கிறது. ஹஜ்ஜுக்கு ஆள் எடுக்கும் குலுக்கல் முடிந்த அன்று அண்ணன் போன் செய்தார்.

"டேய், பேரு வந்துருச்சிடா. எனக்கும் வந்துருச்சி, அண்ணிக்கும் வந்துருச்சி."

"அல்ஹம்துலில்லா. அத்தா?"

"அதுக்குத்தான்டா போன் பண்ணேன். ஒன்னர மாசம் வந்து இரு. கடைய மூடிடலாம். அத்தாவ மூட முடியுமா?"

அத்தாவுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு பாதிதான் வரும். அவரைத் தூக்குவது, கழுவுவது, துணி மாற்றுவது எல்லாம் அண்ணன்தான். அத்தா ஒரு வேளைத் தொழுகையை விட்டவர் இல்லை, இப்போதும் படுத்துக்கொண்டே தொழுகிறார். ஐந்து வேளையும் தண்ணீர் பட்டால் நெஞ்சில் சளி கட்டுகிறது, அதனால் தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் ஒளுவை டாக்டர் விடவில்லை. தண்ணீர் கிடைக்காதவர்களுக்கும் தண்ணீர் ஆகாதவர்களுக்கும் தயம்மும் இருக்கிறது. சுத்தமான மண்ணிலோ கல்லிலோ உள்ளங்கையை அடித்து முகத்தைத் தடவ வேண்டும். மறுபடி அடித்து முழங்கை வரை தடவ வேண்டும். அதுவே ஒளுவுக்குச் சமம். அண்ணன் வெள்ளிமலைக்குப் புளி எடுக்கப் போனபோது கோமுகி ஆற்றில் இருந்து ஒரு தட்டைக் கல்லைக் கொண்டுவந்து அத்தா தலைமாட்டில் வைத்தார். இடது கையால் வலது கையைத் தூக்கி, அந்தக் கல்லில் அத்தா அடிப்பதை நான் போனில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

மார்த்தாவிடம் லீவு கேட்டேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "போ. எவ்வளவு நாள் வேண்டுமோ இரு. உன் வேலை இங்கேயே இருக்கும்" என்றார். கண் கலங்கிவிட்டது, எனக்கு இல்லை, அவருக்கு. வெளியே வந்து ஓடைக்கரையில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டேன். "லீவு இல்லன்னுட்டாங்கண்ணே" என்றேன்.

வாயில் இருந்து அதுதான் வந்தது. யோசித்து வைத்த பொய் இல்லை, ஆனால் சொன்ன பிறகு திருத்தவும் இல்லை. அத்தாவின் உடம்பை நான் தொட்டது கிடையாது. கைகொடுத்தது உண்டு, அவ்வளவுதான். அந்த உடம்பைத் திருப்பிப் போட்டுக் கழுவ வேண்டும் என்று நினைத்ததும் கால் பின்னால் போயிற்று. அந்தக் கை என்னைப் பிடித்துக்கொண்டால் திரும்பி வரமாட்டேன் என்றும் பயந்தேன். இங்கே என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த அமைதி பிடித்துப் போயிற்று. வேறு காரணம் இல்லை.

அண்ணன் ஹஜ்ஜை விட்டுவிடுகிறேன் என்றார். அத்தா பாதி வாயால் திட்டிப் போகச் சொன்னார். கடைசியில் அண்ணி தன் பெயரை எடுத்துவிட்டார். கழுவிவிடப் பக்கத்துத் தெரு ஆள் ஒருவர் வருவார், சாப்பாடு, மருந்து, தொழுகைக்குக் கல் பிடிப்பது எல்லாம் அண்ணி என்று முடிவாயிற்று. எங்கள் வீட்டில் பெண்கள் ஆண் துணை இல்லாமல் ஹஜ்ஜுக்குப் போவதில்லை, இனிமேல் அண்ணி போவதென்றால் அண்ணன் மறுபடி கூடப் போகவேண்டும். புளிக்கடைக்காரருக்கு அது எத்தனை தடவை முடியும்? அண்ணி என்மேல் ஒரு சொல் வருத்தப்படவில்லை. போன் செய்தால் இதைத்தான் கேட்பார்.

"அந்த அம்மா இன்னா சொல்றாங்க தம்பி? இன்னும் கல்லு மனசாத்தான் இருக்காங்களா?"

"ஆமாங்கண்ணி."

"அவங்க மனசு எளகணும்னு நானும் துஆ கேட்டுக்கினுதான் இருக்கேன். அவங்க பேரு இன்னா?"

"மார்த்தா."

"மார்த்தா. சரி. பேரு சொல்லிக் கேட்டா சீக்கிரம் ஆவும்."

அந்த வாரம் மார்த்தா சமையற்கட்டுக்கு வந்து, "என்னவோ தெரியவில்லை, இப்போதெல்லாம் நன்றாகத் தூக்கம் வருகிறது" என்றார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர் பொருத்தம் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். தெரிந்தவர், சண்டை போட்டவர், சொந்தக்காரர் எல்லோரையும் பார்த்து, "தெரிஞ்சும் தெரியாமலும் எதனா செஞ்சிருந்தா பொருந்திக்கங்க" என்று கேட்பது. அண்ணன் கடைத்தெரு முழுக்கக் கேட்டார். மலைக்குப் போய், புளி தரும் ஆட்களிடம் கேட்டார். கடைசியாக எனக்குப் போன்.

"சின்னதுல அடிச்சிருக்கேன், திட்டியிருக்கேன். பொருந்திக்கடா."

"நீ எங்கண்ணே..."

"வாயால சொல்லுடா. அப்பதான் செல்லும்."

"பொருந்திட்டேண்ணே."

அதற்குப் பிறகும் அண்ணன் போனை வைக்கவில்லை. நான் திருப்பிக் கேட்பேன் என்று இருந்திருக்கலாம். சும்மாவும் இருந்திருக்கலாம். "சரி, வெச்சிடவா?" என்றார். வைத்துவிடு என்றேன்.

சின்ன வயதில் ஓதப் போன யாருக்கும் இது தெரியும். பாவமன்னிப்புக்குத் தவ்பா செய்தால் பாவத்தை விடவேண்டும், வருந்தவேண்டும், மறுபடி செய்யமாட்டேன் என்று உறுதி வைக்கவேண்டும். அல்லாவுக்குச் செய்த பாவத்துக்கு அது போதும். மனிதருக்குச் செய்ததற்கு அது போதாது. அந்த ஆளிடமே போகவேண்டும். நான் முதல் மூன்றையும் தொழுகை விரிப்பில் உட்கார்ந்து அழுது அழுது செய்தேன். நான்காவதுக்கு அண்ணியிடம் போகவேண்டும் என்று வரும்போது விரிப்பை மடித்து வைத்துவிடுவேன்.

அண்ணன் விமானம் ஏறிய பிறகு இங்கே ஒரு முகாம் முடிந்தது. முடியும் அன்று எல்லோரும் ஓடைக்குப் போவார்கள். ஆளுக்கு ஒரு கல். மனசில் உறுத்துவதை அந்தக் கல்லில் வைத்துத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். மார்த்தா என்னையும் கூப்பிட்டார். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். என் பக்கத்தில் கெர்டா என்று ஒரு வயதான ஹாலந்து அம்மா. தங்கையோடு பேசாமல் இருந்து, பேசாமலேயே தங்கை இறந்துபோனார் என்று சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருந்தார். கல்லை ரொம்ப நேரம் கன்னத்தில் வைத்திருந்து தண்ணீரில் விட்டார். விட்டபோது அவர் தோள் இறங்கியது. அது நடிப்பு இல்லை.

என் கையிலும் ஒரு கல்லை வைத்தார் மார்த்தா. தட்டையாக, சாம்பல் நிறத்தில். கோமுகிக் கல் மாதிரியே. நான் என்ன செய்தேன் என்று செய்து முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. கல்லைப் பாறைமேல் வைத்து, இரண்டு உள்ளங்கையையும் அடித்து முகத்தைத் தடவினேன். மறுபடி அடித்துக் கையைத் தடவினேன்.

"எவ்வளவு அழகு" என்றார் மார்த்தா. "இதை எங்களுக்கும் காட்டு."

"இது தண்ணீர் இல்லாதபோது செய்வது" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

"இங்கேதான் தண்ணீர் இருக்கிறதே" என்று ஓடையைக் காட்டிச் சிரித்தார்.

"ஆமாம். அதனால் நான் செய்தது செல்லாது."

"மனசுக்குச் செல்லும், செல்லாது எல்லாம் கிடையாது. உன்னை நீ மன்னித்துவிடு, போதும்."

"தப்பு நான் எனக்குச் செய்யவில்லை. இன்னொருவருக்குச் செய்தேன்."

"அவர் உனக்குள்ளேதான் இருக்கிறார். உள்ளே அவரோடு பேசு."

"உள்ளே இல்லை. கள்ளக்குறிச்சியில் இருக்கிறார்."

மார்த்தா நெஞ்சில் கை வைத்து, "கள்ளக்குறிச்சி" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். உடம்பில் ஏதோ ஒரு இடம் என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் நெஞ்சில் கை வைத்தார்கள்.

நான் கல்லை விடவில்லை. சமையல் அங்கியின் பையில் போட்டுக்கொண்டேன். வழியெல்லாம் கெர்டாவை நினைத்தேன். அவருக்குத் தண்ணீர் இல்லை. தங்கை மண்ணுக்குள் போய்விட்டார். போய்ச் சேர முடியாதவருக்குக் கல்தான், அது செல்லும் என்றுதான் எனக்குப் பட்டது. பள்ளிவாசல் ஹஜ்ரத்து கேட்டால் திட்டுவாரோ என்னவோ. ஆனால் அத்தாவுக்கு ஆகிற கல் எனக்கு ஆகாது. நான் பொருத்தம் கேட்க வேண்டியவர் உயிரோடு இருக்கிறார். அவர் நம்பர் என் போனில் இருக்கிறது. தண்ணீரைக் காலடியில் வைத்துக்கொண்டு நான் கல்லைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

மதியப் பாத்திரம் கழுவியதும் போன் போட்டேன். அங்கே மஃரிபு, பொழுது சாய்ந்த தொழுகை நேரம்.

"அண்ணி, லீவு குடுத்தாங்க."

"குடுத்துட்டாங்களா? நான்தான் சொன்னேனே தம்பி, பேரு சொல்லிக் கேட்டா..."

"இப்ப இல்லீங்கண்ணி. கேட்ட அன்னிக்கே குடுத்தாங்க. நான்தான் இல்லன்னு சொல்லிட்டேன்."

குக்கர் சத்தம் கேட்டது. பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது. பாங்கு முடிந்த பிறகுதான் அண்ணி கேட்டார்.

"ஏன்?"

"அத்தாவக் கழுவ பயமா இருந்துச்சி."

"எனக்கும்தான் தனியா மாமாவப் பாத்துக்க பயமா இருந்துச்சி."

"பொருந்திக்கங்க அண்ணி."

"அந்த அம்மாவக் கல்லு மனசுன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சனே. மொதல்ல அவங்ககிட்ட எனக்குப் பொருத்தம் கேட்டு வாங்குங்க."

"சரிங்க. உங்க பொருத்தம்?"

"இது போன்ல முடியறதில்ல. வந்து கேளுங்க. அப்ப எனக்கு மனசு வருதான்னு பாக்கலாம். மாமாவுக்குத் தொழுவ நேரமாச்சி."

வைத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மார்த்தாவிடம் போனேன். என் அண்ணி உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்றேன். எதற்கு என்றார். உங்களைக் கல்மனசு என்று சொன்னதற்கு என்றேன். பிறகு, ஏன் சொன்னார் என்பதையும் சொன்னேன். அவர் முகம் மாறிற்று. பிறகு, "உன் அண்ணியை எப்போதோ மன்னித்தாயிற்று என்று சொல்" என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். அண்ணிக்கு இங்கே பொருத்தம் கிடைத்துவிட்டது. எனக்கு அங்கே கிடைக்கவில்லை.

டிக்கெட் போட்டாயிற்று. அண்ணன் திரும்புவதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன். அத்தாவைக் கழுவுவேன். போன ஹஜ் அண்ணிக்குத் திரும்பாது. பெட்டியில் துணிக்கு மேலே அந்தக் கல்லை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். இங்கே விடுவதா, அங்கே கொண்டுபோவதா என்று தெரியவில்லை. இன்று காலை புது முகாமுக்குத் திராட்சை கழுவிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தேன். மார்த்தா ஓடைக்கரையில் நிற்கிறார். அவரைச் சுற்றி நின்றவர்கள் கல்லில் உள்ளங்கையை அடித்து முகத்தைத் தடவுகிறார்கள், மறுபடி அடித்துக் கையைத் தடவுகிறார்கள். அச்சு அசல் அத்தா மாதிரி. ஓடை அவர்கள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. என் கை திராட்சைத் தண்ணீருக்குள் இருந்தது.