ஓட்டை விழுந்த ஏட்டின் குறிப்பு

ஐரோப்பாவில் யாரோ தோலில் கையால் எழுதிய பழைய ஜெபப் புத்தகம் அது. எப்போதோ இரண்டாகப் பிரித்து விற்றிருக்கிறார்கள். முன்பாதி ஒரு நாட்டு நூலகத்தில், பின்பாதி வேறொரு நாட்டில். இரண்டு நூலகங்களும் பக்கங்களின் படங்களை இணையத்தில் ஒரே பொதுமுறையில் வெளியிடுவதால், ஆம்பூரில் உட்கார்ந்தபடி நானும் என் தோழியும் அவற்றை ஒரே திரையில் சேர்த்தோம். பக்கங்களை அடுக்குவது என் வேலை. படித்துக் குறிப்பெழுதுவது அவள் வேலை. காட்பாடியில் ஒன்றாகக் கம்ப்யூட்டர் படித்தோம். லத்தீன் அவள் தானாகக் கற்றது.

ஒரு ஏட்டில் பெரிய ஓட்டை. எழுதியவர் அதைச் சுற்றி வரியை வளைத்திருந்தார்.

"எங்கப்பாவோட தோல் கம்பெனியா இருந்தா இத அப்பவே ரிஜெக்ட்ல போட்டிருப்பாங்கடி" என்று சிரித்தாள். அதையே குறிப்பாகவும் எழுதினாள்.

படங்கள் அந்த நூலகங்களின் சர்வரில் இருக்கும். குறிப்புகள் நாம் வைக்கும் இடத்தில் இருக்கும். பிழையோடு எதையும் வெளியே விடமாட்டாள். திருத்தி முடித்தபின் சர்வரில் ஏற்றலாம் என்று தன் லேப்டாப்பில் மட்டுமே சேர்த்து வந்தாள். அதற்குள் காய்ச்சல் கண்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் அவள் அப்பா என்னை வீட்டுக்கு அழைத்து லேப்டாப்பைக் கொடுத்தார்.

"உனக்குத்தான் குடுக்கணும்னு பாப்பா சொல்லுச்சு. கடையில ஃபார்மட் பண்ணி வாங்கியாந்தேன். ஒருத்தருக்குக் குடுக்கறத சுத்தமா குடுக்கணும்ல?"

திறந்தேன். அவள் சேர்த்தது ஒன்றும் இல்லை. வால்பேப்பர்கூடப் புதிது.

"அது செஞ்ச வேலையக் கொஞ்சம் காட்டும்மா. ஒருநாளும் கேக்காம வுட்டுட்டேன்."

புத்தகத்தின் இணைப்பைத் திறந்தேன். இரண்டு நாட்டுப் பக்கங்களும் வரிசை பிசகாமல் வந்து நின்றன. குறிப்புகள் வரவேண்டிய வலப்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இதுல எம்பொண்ணு எழுதினது எது?"

"நெட்டு கம்மியா இருக்குப்பா. வரும்."

"வரட்டும். டீ போட்டாறேன்" என்று உள்ளே போனார்.

நினைவில் இருந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தேன். மெழுகு சொட்டிய பக்கம், விரல் பட்டுத் தேய்ந்த ஓரம், ஓட்டை. முதல் இரண்டுக்கும் அவள் என்ன எழுதினாள் என்பது நினைவில்லை. எனக்கு லத்தீனும் தெரியாது. ஓட்டையின் மேல் அந்த ஒரு வாக்கியத்தைத் தட்டி, எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டேன்.

டீயோடு வந்தவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். சிரித்துவிட்டார். "எங் கம்பெனியவே சொல்லியிருக்குது பாரேன்!"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அடுத்த பக்கம் திருப்பும்மா."