மூன்றாம் வரிக்குக் கீழே பதினொரு துளைகள்

என் மேசையின் வலப்பக்க இழுப்பறையில், நாட்குறிப்புகளுக்கு அடியில், மடிக்காமல் வைத்திருக்கும் ஒரு தேர்வுத் தாள் உண்டு. அல்ஜீப்ரா தாள். அதன் முதல் கணக்கு நான்கு வரிகளில் முடிகிறது. நான்கையும் சேர்த்து, மூலைக்கு மூலை, நான் சிவப்பு மையால் அடித்த அடி இன்னும் மங்கவில்லை. மூன்றாம் வரிக்குக் கீழே, ஒரே சீரான இடைவெளியில், ஊசித் துளைகள் ஒரு வரிசையாகப் போகின்றன. பதினொன்று. நூல் இல்லை, துளைகள் மட்டும். அவற்றைப் போட்டவரைத் தையல் டீச்சர் என்றுதான் நாங்கள் எல்லோரும் அழைத்தோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஜொகூர் பாருவில் ஒரு பெண்கள் ஆங்கிலப் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியையாக இருந்த மூன்றாம் வருடம் அது. சிங்கப்பூருக்குப் பாலம் போட்டுச் சில வருடங்களே ஆகியிருந்தன. பாலத்தைத் தாண்டிப் போய்வந்த கதைதான் ஊரில் எல்லார் வாயிலும். நானும் அதை வகுப்புக்குள் கொண்டுவந்தேன். சமக்குறிதான் பாலம், அதைத் தாண்டுகிறவர் சட்டையை மாற்றிக்கொள்ள வேண்டும், கூட்டல் கழித்தலாகும், கழித்தல் கூட்டலாகும் என்று கரும்பலகையில் பாலமே வரைந்து காட்டினேன். மாணவிகள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். அன்றைய நாட்குறிப்பில் ‘பாடம் மிக நன்றாக அமைந்தது’ என்று எழுதியிருக்கிறேன்.

பள்ளி இறுதியில் எழுதும் சீனியர் பரீட்சைக்குப் பெயர் அனுப்பும் முன் பள்ளியிலேயே ஒரு தேர்வு வைப்போம். அதில் தவறியவர்களின் பெயர் போகாது. பெரிய மிஸ் என்று நாங்கள் அழைத்த தலைமையாசிரியை இதில் யாருக்கும் இரங்கியதில்லை. அந்த வருடம் அல்ஜீப்ராவில் ஏழு பேர் தவறினார்கள். நான் கடைசி வரியைப் பார்ப்பேன். விடை சரியில்லை என்றால் கணக்கு முழுவதையும் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போவேன். வேகமாகவும் ஒழுங்காகவும் திருத்துகிறவள் என்று எனக்குப் பெயர் இருந்தது.

ஏழு பேரில் ஒருத்தி யோங் பெங் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகள், விடுதியில் தங்கிப் படித்தவள். ஆசிரியைப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சில்லை. அதற்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். பரீட்சைக்குப் பெயர் போகவில்லையானால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு, இங்கே மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கிறார்கள் என்று அப்பா எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு தையல் வகுப்பில் அவள் அழுதிருக்கிறாள்.

மறுநாள் தையல் டீச்சர் ஆசிரியைகள் அறைக்கு வந்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். மெர்சிங்கில் பிறந்து, நான்காம் வகுப்போடு படிப்பை விட்டவர். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும்.

“டீச்சர், அந்த ஏழு தாளையும் ரெண்டு நாளைக்குக் குடுங்க. சரியான விடை எல்லாம் ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க, போதும்.”

“உங்களுக்கு எதுக்கு டீச்சர் அல்ஜீப்ரா? எக்ஸுக்குப் பட்டன் தைக்கவா?” என்றேன். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவரும் சிரித்தார். “பட்டன் வேணுமா வேணாமான்னு பாத்துட்டுச் சொல்றேன் லா” என்று தாள்களை வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை பகல் என்னைத் தையல் அறைக்குக் கூப்பிட்டார். வெளியே நல்ல மழை. துணி வெட்டும் நீள மேசையில் ஏழு தாள்களும் ரவிக்கைத் துண்டுகளைப் போல வரிசையாகப் பரப்பியிருந்தன. ஒவ்வொரு கணக்கிலும் ஏதோ ஒரு வரிக்குக் கீழே நீல நூலால் ஓட்டுத்தையல் போட்டிருந்தார். என் சிவப்பு அடிகளுக்கு நடுவே அந்த நீலக் கோடுகளைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“எனக்கு இந்தக் கணக்கு தெரியாது டீச்சர். அதனால போட்டுப் பாத்தேன். நீங்க குடுத்த விடையை மேல் வரியில போட்டேன், பொருந்துச்சு. ரெண்டாவது வரியில போட்டேன், பொருந்துச்சு. எங்க பொருந்தலையோ அதுக்கு மேல நூல் போட்டேன். நூல் வரைக்கும் பிள்ளைங்க சரியா தச்சிருக்காங்க. அது வரைக்கும் ஏன் பிரிக்கணும்?”

நான் யோங் பெங் பெண்ணின் தாளைக் கையில் எடுத்தேன். முதல் வரியில் சரியான விடையான நான்கைப் போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் மூன்றிலும் போட்டேன். மூன்றாம் வரியில் ‘மூன்று எக்ஸ் சமம் பன்னிரண்டு’ என்றிருந்தது. எல்லாம் பொருந்தியது. நான்காம் வரியில்தான் ‘எக்ஸ் சமம் கழித்தல் நான்கு’ என்று ஆகியிருந்தது. அல்ஜீப்ராவே படிக்காத ஒருவர், சட்டையைத் தோளில் வைத்து அளவு பார்ப்பதுபோல் விடையை ஒவ்வொரு வரியிலும் வைத்துப் பார்த்து, தவறு தொடங்கும் இடத்தை ஒரு நூல் அளவு பிசகாமல் கண்டுபிடித்திருந்தார். அந்த வழி கணக்கில் முற்றிலும் சரியானது. கல்லூரி வரை படித்த எனக்கு அது தோன்றவே இல்லை.

அவர் இன்னும் முடிக்கவில்லை. ஐந்து தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தார். “ஒரு சட்டை கோணுச்சுன்னா அந்தப் பிள்ளை கைத் தப்பு. அஞ்சு சட்டையும் ஒரே இடத்துல கோணுதே டீச்சர்? அது துணிமேல வச்சு வெட்டுன மாதிரித்தாள்ல இருக்கிற தப்பு. மாதிரித்தாள் யாரு வெட்டுனது?”

யோங் பெங் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். மூன்றைக் கீழே கொண்டுபோய் வகுத்தாயே, அதற்கு ஏன் கழித்தல் குறி போட்டாய்?

“பாலம் தாண்டுனா சட்டையை மாத்தணும்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க? மூணும் பாலம் தாண்டித்தானே வந்துச்சு?”

அவள் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். கூட்டுவதும் கழிப்பதும்தான் சட்டையை மாற்றும், பெருக்கியது வகுக்கப் போகும்போது மாற்றாது என்பதை நான் அழுத்திச் சொன்னதே இல்லை. கைதட்டலில் விட்டுவிட்டேன்.

பெரிய மிஸ்ஸிடம் என்னோடு வரும்படி தையல் டீச்சரைக் கெஞ்சினேன். “நான் வர மாட்டேன். மாதிரித்தாள் உங்களுது. நீங்கதான் சொல்லணும்” என்று ஊசியில் நூல் கோக்கத் தொடங்கிவிட்டார். தனியாகத்தான் போனேன். தவறு மாணவிகளுடையது மட்டுமல்ல, என்னுடையது என்று சொல்லி முடிப்பதற்குள் என் வேலை போய்விடும் என்றே நினைத்தேன். பெரிய மிஸ் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, பத்து நாள், புதிய தாள், மதிப்பெண்ணில் சலுகை கிடையாது என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பத்து நாளும் பள்ளி விட்டபின் தையல் அறையில் பாடம் நடந்தது. பாலத்தை நான் அழித்துவிட்டேன். இரு பக்கமும் ஒரே செயலைச் செய், பிறகு விடையை முதல் வரியில் போட்டுப் பார், அவ்வளவே. தையல் டீச்சர் மாணவிகளோடு பெஞ்சில் அமர்ந்து, கையில் விளிம்பு மடித்துத் தைத்தபடி, நான் அவசரப்பட்ட இடத்திலெல்லாம் “ஏன் டீச்சர்?” என்பார். சில ஏன்களுக்கு வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு மறுநாள்தான் பதில் சொன்னேன்.

மறுதேர்வு அன்று யோங் பெங் பெண் எழுதி முடித்துவிட்டு எழுந்திருக்கவில்லை. விரலை முதல் வரியில் வைத்தாள், உதடு அசைந்தது. இரண்டாம் வரி, மூன்றாம் வரி. விரல் நின்றது. அழிப்பானை எடுத்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

ஆறு பேர் தேறினார்கள். பரீட்சைக்கு அவள் பெயரும் போனது. பின்னாளில் பயிற்சி முடித்து ஆசிரியையும் ஆனாள்.

முடிவு தெரிந்த அன்று அவள் பழைய தாளை எடுத்துக்கொண்டு தையல் அறைக்கு ஓடினாள். ஓட்டுத்தையலில் முடிச்சுப் போடவில்லை, அதனால் ஒவ்வொரு கணக்கிலும் ஒரே இழுப்பில் நூல் வந்தது. தையல் டீச்சர் அதை வாங்கி, “தச்சு முடிச்சாச்சு, இனி இது எதுக்கு?” என்று திரும்ப நூல்கண்டிலேயே சுற்றிக்கொண்டார். தாளை அவள் மேசையிலேயே விட்டுப்போனாள். நான் எடுத்துவந்தேன்.

இப்போதும் திருத்த உட்காரும்முன் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுண்டு. பதினொரு துளைகளிலும் வெளிச்சம் வருகிறது. அவர் போட்ட நூல் ஒரே இழுப்பில் போய்விட்டது. நான் போட்ட சிவப்பு அடியை மட்டும் பிரிக்க வழியில்லை.