மாதர் சங்க ஹாலில் ஒற்றைக்கால்

எங்கள் சங்கரன்கோவிலில் இலவசம் என்று மைக்கில் சொன்னால் பெண்கள் பையை எடுத்துக்கொண்டுதான் கிளம்புவோம். எண்பதுகளின் ஆரம்பம் என்று நினைவு. கோடை லீவு. மாதர் சங்கத்துக்காரர்கள் குதிரை வண்டியில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். பெண்களுக்காக ஒரு வாரம், தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல், சங்கத்து ஹாலில் எடை பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், உடற்பயிற்சியும் ஆசனமும் சொல்லித்தருவார்கள், எல்லாம் இலவசம். எங்கள் தெருவுக்குள் வண்டி வந்தபோது தறிச் சத்தத்தில் முக்கால்வாசி காதில் விழவில்லை. கடைசி வார்த்தை மட்டும் நன்றாக விழுந்தது. முதல் நாள் நான் தூக்குவாளியோடு போனேன். அங்கன போய்ப் பார்த்தால் பாதிப் பேர் கையில் பை இருந்தது. ஒருத்தி சாக்கு கொண்டு வந்திருந்தாள். அவளைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் எனக்குப் போக வேண்டிய காரணமும் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் இரண்டு தறி ஓடியது. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றிக் கொடுப்பது என் வேலை. தார் சுற்றுவது என்போம். அடுப்பை விட்டால் ராட்டை, ராட்டையை விட்டால் அடுப்பு. சித்திரை மாதத்தில் ஒரு நாள் ராட்டையை விட்டு எழுந்தவள் தலை சுற்றி நூல்மேலேயே விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஊசி கூடப் போடவில்லை. உட்கார்ந்தே கிடந்தால் இப்படித்தான் ஆகும், இடுப்பும் காலும் அசைய வேண்டும், தினமும் நடக்கப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எங்கே நடப்பது? வேலை இல்லாமல் ஒரு பொம்பளை தெருவில் நடந்தால் வாசலுக்கு வாசல் எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். சும்மா நடக்கிறேன் என்று பதில் சொல்லுகிற தைரியம் எனக்குக் கிடையாது. ஒரு நாள் முயற்சி செய்து பார்த்தேன். முதல் வாசலில் கேட்டதற்கு உப்பு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சொன்ன பாவத்துக்கு உப்பு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு ஜாடி உப்பு இருந்தது. அப்படியே நடையை விட்டுவிட்டேன்.

அதனால் இந்த ஒரு வாரத்தை எப்படியாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், கேட்க வாய் வராமல் அடுத்த வீட்டு அக்காவை விட்டுக் கேட்கச் சொன்னேன். அத்தை அவளுக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"போயிட்டு வா. ஆனா தெருவுல எவளாவது உன்னைப் பத்தி ஒரு சொல்லு சொன்னாள்னு என் காதுல விழுந்தது, மறுநாள் வாசல்நடை தாண்டப்பிடாது."

நான் தலையை ஆட்டினேன். என்னைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? கல்யாண வீட்டிலேயே நான் வந்தேனா வரவில்லையா என்று சண்டை நடக்கும். அவ்வளவு ஓரமாக உட்காருகிறவள் நான்.

ஹாலில் ஜன்னலுக்கெல்லாம் பழைய சேலை கட்டி மறைத்திருந்தார்கள். சொல்லிக் கொடுக்க வந்தவர் பாளையங்கோட்டைப் பக்கத்து டிரில் டீச்சர். வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்தவர். சின்ன வயசு. கழுத்தில் விசில். எங்களைப் பார்த்ததும் விசிலை எடுத்து ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார். இதுகளை விசிலால் ஒன்றும் செய்ய முடியாது என்று அப்போதே தெரிந்திருக்கும்.

கையை மேலே தூக்குங்கள் என்றார். ஒரு கையும் தோளைத் தாண்டவில்லை. தூக்கினால் முந்தானை நழுவும், ஜாக்கெட்டின் அக்குள் தையல் தெரியும். என் ஜாக்கெட்டில் தையல் இருந்தால்தானே தெரிய. டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பரண்மேலே இருந்து பானை எடுக்கிற மாதிரி தூக்குங்கள் என்றார். எல்லாக் கையும் மேலே போய்விட்டது. இறக்குங்கள் என்றபோது எல்லாரும் சட்டென்று இறக்கினார்கள். நான் மட்டும் பானை உடைந்துவிடும் என்பது போல மெதுவாக இறக்கினேன். டீச்சர் அதைப் பார்த்து, இந்த அக்காதான் சரியாகச் செய்கிறார்கள் என்றார். எனக்குக் காது வரை சூடேறிவிட்டது.

அன்றைக்கு ராத்திரி படுத்தவள் விடியும் வரை புரளவில்லை. எழுந்தபோது, ராட்டையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பில் ஏறியிருந்த பிடிப்பு இல்லை. குனிந்து கோலம் போட்டேன், நிமிர்ந்தேன், மறுபடியும் வேண்டுமென்றே குனிந்தேன். இந்த வாரம் முழுக்க ஒரு நாள் விடாமல் போய்விட வேண்டும் என்று மனசுக்குள் பிடிவாதம் வந்துவிட்டது. எனக்குப் பிடிவாதம் வருவது அபூர்வம். வந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கு ரெண்டு நாள் கழித்துத்தான் அந்த ஒற்றைக்கால்.

டீச்சர் ஒரு காலில் நின்று, மற்றக் காலின் பாதத்தை முழங்காலுக்கு மேலே பதித்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக் காட்டினார். இதுவும் ஒரு ஆசனம், எல்லாரும் இதே மாதிரி நில்லுங்கள் என்றார். முன்வரிசையில் இருந்த பூக்காரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் ஒவ்வொருத்தியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். ஒருத்தி கீழே விழுந்து கும்பிடவே செய்தாள். டீச்சர் பயந்துபோய்க் காலை இறக்கிவிட்டார்.

அவர் மேல் தப்பில்லை. வெளியூர்க்காரர். எங்கள் ஊர் அம்மன் ஒற்றைக்காலில் நின்று தபசு செய்தவள். ஆடி மாசம் தபசுத் திருவிழா வந்தால் நாங்கள் கோயிலைச் சுற்றிச் சுற்றி வருவோம். ஆடிச்சுற்று என்று பெயர். நின்று நின்று அவளுக்குக் கால் கடுக்குமே, அந்த வலியை நாம் நடந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சுற்று. அப்படி இருக்க, சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குழம்பு கூட்ட வேண்டிய நாங்கள் எப்படி அவள் மாதிரி நிற்பது?

பூக்காரம்மாதான் எடுத்துச் சொன்னாள். "சும்மா நிக்கப்பிடாது டீச்சர். ஒருத்தி நின்னா மத்தவ சுத்தணும். அதுதான் எங்க ஊரு முறை."

டீச்சருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. சரி, ஒருத்தர் நில்லுங்கள், மற்றவர்கள் சுற்றி நடங்கள், நடப்பதும் பயிற்சிதான் என்று சொல்லிவிட்டு, பிரஷர் பார்க்கிற நர்சம்மா கூப்பிட்டார் என்று வெளியே போய்விட்டார்.

யார் நிற்பது? எல்லாரும் ஒரு அடி பின்னால் போனார்கள். எனக்கு வெட்கம் வந்தால் காலை அசைக்க வராது. நின்ற இடத்திலேயே நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் நான் மட்டும் முன்னால் இருக்கிறேன். முந்திக்கொண்டு வந்தவள் மாதிரி ஆகிவிட்டது. அடுத்த வீட்டு அக்கா, "ஊமை மாதிரி இருந்துக்கிட்டு இவதான் முதல்ல வாரா பாரு" என்றாள். மாட்டேன் என்று சொல்லலாம்தான். அதற்கு வாயைத் திறக்க வேண்டுமே. வாயைத் திறப்பதைவிடக் காலைத் தூக்குவது லேசாக இருந்தது.

சேலையைக் கொஞ்சம் ஏற்றிச் செருகி, காலை மடக்கி, கையைக் கூப்பிவிட்டேன். அவர்கள் சுற்ற ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. கல்யாணத்தில் கூட என்னை இத்தனை பேர் பார்த்ததில்லை. அன்றைக்கு நான் குனிந்த தலை நிமிரவில்லை, பார்த்தார்களோ என்னவோ. பிறகு கெண்டைக்காலில் கடுப்பு ஏறியது. இவர்கள் எப்போது நிறுத்துவார்கள், காலை இறக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் எப்போது காலை இறக்குவாள், நிறுத்தலாம் என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருத்தி நிற்கும்போது பாதியில் சுற்றை விடுவது பாவம். இத்தனை பேர் சுற்றும்போது காலைக் கீழே போடுவது அதைவிடப் பாவம். அவர்களும் விடவில்லை, நானும் விடவில்லை.

கால் நடுங்க ஆரம்பித்தது. காலில் இருந்து இடுப்பு, இடுப்பில் இருந்து கை. கூப்பின கையில் வளையல் எல்லாம் கலகலவென்று ஆடியது. அதைப் பார்த்து ஒருத்தி, "ஏட்டி, சாமி வந்துட்டுடி" என்றாள். அவ்வளவுதான், குலவை போட்டுவிட்டார்கள். ஜன்னல் சேலை தாண்டித் தெருவுக்கு அந்தச் சத்தம் போகிறதே, அத்தை சொன்ன அந்த ஒரு சொல் பிறந்துவிட்டதே என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தில் இன்னும் கூடத்தான் நடுங்கினேன்.

பூக்காரம்மா என் முன்னால் வந்து கையை ஏந்தினாள். "தாயே, மகளுக்கு இந்த வருசமாவது கல்யாணம் முடியுமா? வாயைத் திறந்து சொல்லு தாயே."

எனக்குச் சாமியும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. எப்படியாவது இதை நிறுத்தினால் போதும் என்று இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து உண்மையைச் சொன்னேன்.

"காலு வலிக்கு."

அம்மனுக்குக் கால் வலிக்காம் என்று ஹால் முழுக்கப் பரவியது. இன்னும் வேகமாகச் சுற்றுங்கடி என்று ஒருத்தி சொல்ல, ஓட்டமும் நடையுமாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத் தலையும் சேர்ந்து சுற்றியது. டாக்டரம்மா எதற்காக என்னை நடக்கச் சொன்னாரோ, அந்தத் தலைசுற்றலே வந்துவிட்டது. நல்லவேளை, சத்தம் கேட்டு டீச்சர் ஓடிவந்து கையைத் தட்டிப் போதும் போதும் என்றார். நான் அப்படியே பூக்காரம்மா மேல் சாய்ந்தேன். அவள் என்னைத் தாங்கிப் பிடித்து, என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கால் மரத்துப்போய் இருந்ததால் தொட்டதே எனக்குத் தெரியவில்லை.

நான் நொண்டி நொண்டி வீடு போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த வீட்டு அக்கா எனக்கு முன்னால் போய்விட்டாள். எங்கள் வீட்டுக்காரர் தறியை நிறுத்தாமலே என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் என்ன நினைக்க வேண்டும் என்பதை அம்மா சொன்ன பிறகுதான் நினைப்பார். அத்தை வாசல்நடையில் நின்றுகொண்டிருந்தாள். நாளையில் இருந்து மறுபடியும் ராட்டைதான் என்று நினைத்துக்கொண்டேன். இடுப்பு வலிக்காமல் குனிந்தது ரெண்டு மூன்று நாள்தான்.

"சாமி வந்துச்சாட்டி உனக்கு?"

"இல்லை அத்தை. கால்தான் நடுங்குச்சு."

"அதை அங்கனயே சொல்ல வேண்டியதுதானே."

"வெட்கமா இருந்துச்சு."

அத்தை வாய்க்குள் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, வேறொன்று கேட்டாள். "அவ்வளவு பேரு சுத்தியுமா உனக்குக் கால் வலிச்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் எனக்குத் தைரியம் கிடையாது. "ரொம்ப வலிச்சுது அத்தை" என்றேன்.

"அப்ப சுத்துனவளுக ஒழுங்காச் சுத்தலை. ஊர்க்கதை பேசிக்கிட்டே சுத்திருப்பாளுக. நாளைக்கு நானும் வாரேன்."

நான் திட்டுக்குத் தயாராகக் குனிந்த தலையைக் குனிந்தபடியே வைத்திருந்தேன். போகலாம் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அத்தையோடு போக வேண்டும் என்பது புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

மறுநாள் அத்தை தலை முழுகி, விபூதி பூசிக்கொண்டு, ஆடிச்சுற்றுக்குக் கிளம்புகிற மாதிரியே கிளம்பினாள். ஹாலுக்குள் நுழைந்ததும் செருப்பை எல்லாம் வெளியே விடச் சொன்னாள். பேசிக்கொண்டு சுற்றுகிறவள் வீட்டுக்குப் போகலாம் என்றாள். டீச்சர் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் முகத்தைப் பார்த்தால், ஆளுக்குப் பதில் ஆள் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்த மாதிரிதான் தெரிந்தது.

இன்றைக்கு யார் நிற்பது என்று டீச்சர் கேட்டார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பயம் என்றுதான் நினைத்தேன். அத்தை என்னை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, "இவ நின்னது போதும், இவளுக்கு நடைதான் வேணும்னு டாக்டரம்மா சொல்லிருக்கா. நீ நில்லு" என்று அடுத்த வீட்டு அக்காவை நடுவில் நிறுத்தினாள். அக்கா மாட்டேன் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே கொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

எல்லாரும் சுற்ற ஆரம்பித்தோம். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பிடித்த மாதிரி, கூட்டத்தில் ஒருத்தியாக, ஓரமாக நடக்கலாம். நான் கேட்டதும் அதைத்தானே. வாரம் முடிகிற வரைக்கும் தடையில்லை, அத்தையே கூட்டிக்கொண்டு வருவாள். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் என் கண் நடுவில் நிற்கிறவள் பக்கமே போனது. அவள் கால் என் கால் அளவுக்கு மடங்கவில்லை. கையை முழுசாக நீட்டவில்லை. நேற்று என் காலைத் தொட்டுக் கும்பிட்ட பூக்காரம்மா, அவளை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நடந்தாள். இதற்குப் போய் ஒரு கும்பிடா என்று இருந்தது எனக்கு.

பின்னால் வந்த அத்தை என் முதுகில் தட்டினாள். "ஏட்டி, எட்டி நடட்டி. பாவம், அவளுக்குக் கால் வலிக்கும்லா."

சரி அத்தை என்றேன். நடையின் வேகத்தை மட்டும் கூட்டவில்லை.