சாக்குக்காரர் எங்கள் வீட்டுப் படியேறிய ஞாயிறு

என் மனைவி வாரத்தில் ஆறு நாள் மனிதர்களுக்குப் பல் செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேய்களுக்குச் செய்கிறாள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். பல் கட்டும் லேபில் மிச்சமாகிற பிளாஸ்டரும் ரோஸ் நிற மெழுகும் பழைய பிஸ்கட் டப்பாவில் எங்கள் வீட்டுக்கு வந்து, கட்டைவிரல் உயர ராட்சசர்களாக அலமாரியில் நிற்கும். உடம்பு எப்படிக் கோணினாலும் பல் வரிசை மட்டும் அப்பழுக்கில்லாமல் இருக்கும். ஒரு டிராகனின் கடைவாய்ப் பல்லைச் சரிசெய்ய அவள் அரை நாள் உட்கார்ந்தாள். அன்று சமையல் என் தலையில் விழுந்தது.

லேபில் அவளுக்கு ஜன்னலோர மேசை. மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சு ஓர் எண்ணோடு வரும்; ஆள் வரமாட்டார். அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே, இவர் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர், இந்த அம்மா ஒரு பக்கமாகவே மெல்லுகிறவர் என்று சொல்லிவிடுவாள். அந்த வாய்க்காரர்களில் ஒருவரைக்கூட அவள் நேரில் கண்டதில்லை. சாயங்காலம் வந்து அவர்களுக்கெல்லாம் ஒரு வாழ்க்கையைக் கட்டிச் சொல்வாள். நான் டைல்ஸ் ஒட்டுபவன். பகலெல்லாம் முழங்காலில் நிற்கிறவனுக்கு எந்தக் கதையும் தாலாட்டுதான், பாதியில் தூங்கிவிடுவேன். விழித்திருந்து கேட்க ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் அவள் அந்த விளையாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தாள் என்று நினைக்கிறேன்.

விளையாட்டு இதுதான். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, கதைக்குள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை முடிவு செய்யும். கதை சொல்வது என் மனைவி. விளையாட வருவது மூன்று பேர்: மருந்துக் கடையில் வேலை பார்க்கும் என் மைத்துனி, கீழ்வீட்டு பஸ் டிரைவர், எங்கள் கட்டடத்துக்கு மின்வேலை பார்க்கும் வயர்மேன் தம்பி. டிரைவர் என் மனைவியைத் தங்கச்சி என்பார், ஆகவே நான் அவருக்கு மாப்பிள்ளை. அந்த உரிமையில் ஒரு மதியத்துக்கு மூன்று தடவை டீ கேட்பார். எனக்கும் ஒரு வேடம் கொடுத்தார்கள், சத்திரக்காரன். கதைக்குள்ளும் வெளியிலும் டீ கொண்டுவருகிற வேலை. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பது பெண்களுக்குச் சொன்ன பழமொழி. என் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கேட்டால் அது ஆண்களுக்கும் பொருந்தும் என்று சொல்லும்.

முதல் ஒரு வருடம் விளையாட்டோடு வந்த புத்தகத்தில் இருந்தபடியே நடத்தினாள். பனி மலை, கல் கோட்டை, நெருப்புக் கக்கும் டிராகன். ஒரு ஞாயிறு அந்த டிராகனை, அதுதான் கடைவாய்ப் பல் டிராகன், டிரைவர் டீயில் பிஸ்கட்டை நனைத்தபடியே வெட்டிச் சாய்த்தார். பிஸ்கட் உடைந்து விழுந்ததற்குப் பட்ட கவலைகூட டிராகனுக்காகப் படவில்லை. என் மனைவிக்குப் பொசுக்கென்று போய்விட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் சொல்லிவிட்டேன். சாயங்காலம் வரை பேச்சில்லை.

அடுத்த வாரம் எல்லாரையும் உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டாள். சின்ன வயதில் சாப்பிடாமல் அடம்பிடித்தபோது வீட்டில் எதைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள்?

டிரைவர் யோசிக்கவே இல்லை. பிள்ளை பிடிக்கிறவன், தோளில் சாக்கோடு வருவான் என்றார். மைத்துனியும் அதையேதான் சொன்னாள். நான் வளர்ந்தது வேறு ஊர். என்னையும் அதே ஆளைச் சொல்லித்தான் மிரட்டினார்கள். சாக்குக்காரர் போகாத ஊரே கிடையாது போலிருக்கிறது. வயர்மேன் மட்டும், தன்னை யாரும் எதையும் சொல்லிப் பயமுறுத்தியதில்லை என்று சொல்லிவிட்டு டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். கொடுத்துவைத்தவன் என்று நினைத்தோம்.

அதன் பிறகு அவள் சாக்குக்காரரை விசாரிக்க ஆரம்பித்தாள். லேபில் கூட வேலை பார்ப்பவர்கள், மாடியில் துணி காயப்போடும் பெண்கள், பஸ்ஸில் பக்கத்து சீட் ஆள், ஒருவரையும் விடவில்லை. கேட்டதையெல்லாம் வைத்து ஒன்றைக் கண்டுபிடித்தாள். மற்றப் பேய்கள் தாமாக வரும், சாக்குக்காரர் மட்டும் தாமாக வரமாட்டார். வீட்டிலிருந்து பெற்றவர்களே கூப்பிட்டால்தான் நின்று திரும்பிப் பார்ப்பார். கதையிலும் அதையே வைத்தாள். ஊர் ஊராகப் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள்; ஒரு வீட்டிலும் கதவு உடைந்திருக்காது; ஒவ்வொரு வீட்டிலும் யாரோ அவரை அழைத்திருப்பார்கள்.

பலித்தது. நட்ட நடு மதியத்தில், மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவில், மூன்று பெரிய மனிதர்கள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்ததை நான் டீத் தட்டோடு நின்று பார்த்தேன். டிரைவர் பணிமனையில் வண்டியைப் பூட்டும் முன் பின் சீட்டுகளை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வருகிறாராம். மருந்துக் கடையில் கறாராகப் பேசும் மைத்துனி, “மாமா, தெருமுனை வரைக்கும் வாங்களேன்” என்று குழைந்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். என் மனைவி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

வயர்மேனுக்குக் கதையில் கோடாலி வீரன் வேடம். எதிரியைக் கண்டால் கேள்வி கேட்காமல் வெட்டுகிறவன். சாக்குக்காரர் வந்த பிறகு அந்தக் கோடாலி மந்தமாகிவிட்டது. ஒரு வாரம், எங்கோ லைன் பழுது என்று அவன் வரவே இல்லை. அவன் திரும்பி வந்த வாரம், கதையில் ஒரு வழியாகச் சாக்குக்காரர் ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அவரை அவர் சாக்கிலேயே கட்டி ஆற்றில் எறிய வேண்டும் என்று டிரைவரும் மைத்துனியும் உற்சாகமாகத் திட்டம் போட்டார்கள். அவன் பகடையை விரலில் உருட்டிக்கொண்டு கீழே பார்த்தபடி இருந்தான்.

நடுவாரத்தில் ஒரு மாலை, கூப்பிடாமலே எங்கள் சமையலறை சுவிட்சைப் பார்க்க வந்தான். சுவிட்சுக்கு ஒன்றும் இல்லை. கழற்றி, அப்படியே மாட்டினான். திருகாணியை முறுக்கிக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னான்.

“அக்கா, அந்தச் சாக்குக்காரர் எங்கப்பா.”

அவன் அப்பா பழைய பாட்டிலும் காகிதமும் வாங்கியவர். இதே தெருக்களில்தான் தோளில் சாக்கோடு நடந்திருக்கிறார். ஜன்னலிலிருந்து அம்மாக்கள் கைகாட்டிக் கூப்பிடுவார்களாம். அவரும் நின்று, சாக்கை இறக்கி, கண்ணை உருட்டி, தொண்டைக்குள்ளிருந்து ஒரு உறுமல் விடுவாராம். பிள்ளை அந்த வாய்ச் சோற்றை விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் நகர்வார். பள்ளிக்கூடத்தில் இவன் பக்கத்தில் ஒரு பிள்ளையும் உட்காராது. அதனால் வளர்ந்த பிறகு, அப்பா கிடங்கில் வேலை பார்த்தார் என்று சொல்லிப் பழகிவிட்டான். இனி ஞாயிற்றுக்கிழமை வரப்போவதில்லை என்று சொன்னான், மற்றவர்களிடம் இதைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டான்.

விளையாட்டுதானே தம்பி என்று நான் ஆரம்பித்தேன். என் மனைவி பார்த்த பார்வையில் பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

அவன் போன பிறகு அலமாரியிலிருந்து சாக்குக்காரர் பொம்மையை எடுத்து மேசையில் வைத்தாள். கிழிந்த துணியில் குட்டிச் சாக்கு, வாய் நிறையக் கூர்ப்பல். அவள் செய்ததிலேயே அழகான வேலை அது. “எத்தனை பேர்கிட்ட விசாரிச்சேன், அந்த ஆள் யாருன்னு ஒருத்தர்கிட்டயாவது கேட்டேனா?” என்றாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, மறைக்கவில்லை.

இனி என்ன செய்தாலும் சிக்கல். கதையை மாற்றினால் டிரைவரும் மைத்துனியும் காரணம் கேட்பார்கள், சொல்லக் கூடாது. மாற்றாமல் விட்டால், ஞாயிறு மதியம் எங்கள் மேசையில் ஒருவனுடைய அப்பாவைக் கட்டி ஆற்றில் எறிவார்கள், அவன் தன் வீட்டில் அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கடைசியில் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: உங்கப்பாவை நான் ஒரு தடவை பார்க்கலாமா? அவன் மென்று முழுங்கிச் சரி என்றான்.

நானும் போனேன். மாடியில் ஒரே அறை. கட்டில், ரேடியோ, ஜன்னலோரம் ஒரு நாற்காலி. சாக்குக்காரர் சின்ன உருவம். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது, அதையே அவள் ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். அவள் சுற்றி வளைக்கிறவள் இல்லை. இந்த மாதிரி ஒரு விளையாட்டு, அதில் உங்களை வில்லனாக்கிவிட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். மகன் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிழவர் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். இன்னுமா என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று இரண்டு தடவை கேட்டார். அவ்வளவு சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு முகம் மாறி, கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

“அந்தப் பிள்ளைங்க சாப்பிட்டாங்களாம்மா?”

 கதைக்குள் இத்தனை பிள்ளைகளைக் காணாமல் போக்கியவள், அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்களே வந்து அந்த ஆளுக்குப் பேசுங்கள் ஐயா என்று அந்த இடத்திலேயே அழைத்துவிட்டாள். மகன் வாயைத் திறப்பதற்குள் கிழவர் சரி என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். கிழவர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். மகன் இரண்டு படி தள்ளி வந்தான். கதவைத் திறந்த மைத்துனி, இவர் யார் என்று கேட்டாள்.

“தெரிஞ்சவர்” என்றான் வயர்மேன்.

எனக்குச் சுருக்கென்றது. கிழவர் அசரவில்லை. “ஆமாம்மா, ரொம்ப நாளாத் தெரியும்” என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். இன்றைக்குச் சாக்குக்காரருக்கு இவர்தான் பேசப்போகிறார் என்று என் மனைவி அறிவித்தாள்.  நான் டீ கொண்டுவந்தேன்.

பாழடைந்த கிடங்கு, மூலையில் ஒரு விளக்கு, அதன் அடியில் சாக்கோடு ஓர் உருவம் என்று அவள் கதையைத் தொடங்கினாள். கிழவர் சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்தி அந்த உறுமலை விட்டார். அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. மைத்துனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர், கதையில் வாளை உருவ வேண்டிய நேரத்தில், அவரையே உற்றுப் பார்த்தார்.

“ஐயா, இந்தக் குரலை நான் எங்கயோ கேட்டிருக்கேன்.”

 கிழவர் மகனை ஒரு தடவை பார்த்தார். அவன் குனிந்திருந்தான்.

“எல்லாச் சாக்குக்காரனுக்கும் ஒரே குரல்தான் தம்பி” என்றார்.

டிரைவர் சமாளித்துக்கொண்டு, பிள்ளைகள் எங்கே என்று வேடத்துக்கு ஏற்ற கம்பீரத்தோடு கேட்டார். உள்ளே சாப்பிடுகிறார்கள், சத்தம் போடாதீர்கள் என்றார் கிழவர். ஏன் தூக்கிக்கொண்டு வந்தாய் என்று மைத்துனி அதட்டினாள். அவர் விளையாடுகிற மாதிரியே இல்லை.

“கூப்பிட்டாங்க, வந்தேன். பிள்ளை சாப்பிடணும்னுதான் கூப்பிட்டாங்க. சாப்பிட்டப்புறம் கூட்டிட்டுப் போக ஒருத்தரும் வரலையே. நான் எங்க விடறது?”

 டிரைவர் விடுவதாக இல்லை. பேச்சில் மயங்கக் கூடாது, இத்தனை வாரம் அலைந்தது இதற்குத்தான் என்றார். அடுத்த முறை கோடாலி வீரனுடையது. வெட்டு என்று பகடையை அவன் பக்கம் தள்ளினார்.

வயர்மேன் பகடையைக் கையில் எடுத்தான். என் மனைவி அவனை அவசரப்படுத்தவில்லை, நீ என்ன செய்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. அவன் பகடையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றான். முதல் தடவையாகக் கிழவரை நேராகப் பார்த்தான்.

“அப்பா, சாக்கைக் குடுங்க. பிள்ளைங்களை நான் கொண்டுபோய் அவங்கவங்க வீட்ல விடறேன்.”

டிரைவர் அவனைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார். கையிலிருந்த டீயை மெல்லக் கீழே வைத்தார்.

கிழவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமல், தோளிலிருந்து எதையோ இறக்குவது போல இறக்கி மகன் பக்கம் நீட்டினார்.

“அடியில ஓட்டை இருக்குடா. கையால தாங்கிப் பிடிக்கணும்.”

அவன் மேசைக்கு மேல் இரண்டு கையையும் நீட்டி, அடியைத் தாங்கிப் பிடித்து வாங்கிக்கொண்டான்.